தோளை அறுப்பது வாரா, ஈயமா?

2024 பெப்ரவரி 18. வடமராட்சியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

சிலிண்டரோடு சுழியோடுபவன் நான். அதை முதுகில் தாங்க, முதுகுத் தகடும் ஒற்றை வாரும் கொண்ட ஹார்னஸுக்கு மாறிய பின் நான்கு முறை கடலில் இறங்கிவிட்டேன். முன்பு அணிந்த, காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்யும் பி.சி.டி. சட்டையில் இல்லாத வலி இரு தோள்களிலும் இருக்கிறது. இடுப்புக்குச் சற்று மேலே முதுகும் வலிக்கிறது. தோள்வாரின் உட்புறத்தில் தடித்த பஞ்சு வைத்துத் தைக்கலாம் என்று எண்ணுகிறேன். பாடசாலைப் பை தைப்பவர் ஒருவர் செய்து தருவதாகச் சொல்கிறார். என் எடை 68 கிலோ. 3 மி.மீ. நீருடை, 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டர், 2.5 கிலோ எஃகுத் தகடு ஆகியவற்றோடு, மிதக்காமல் அமிழ்வதற்காக ஹார்னஸின் இடுப்புவாரிலேயே 8 கிலோ ஈயம் கோத்திருக்கிறேன். பஞ்சின் தடிப்பு எவ்வளவு இருக்க வேண்டும்?

பெப்ரவரி 18, இரவு

பஞ்சு வேண்டாம். அது நீரை உறிஞ்சும், காய்வதற்கு இரண்டு நாள் எடுக்கும், மூன்றாம் நாள் மணக்கும். பழைய நீருடை ஒன்றின் 5 மி.மீ. நியோபிரீனை வெட்டி, உறை போலத் தைத்து, தோள்வாரில் கோத்துவிடுங்கள். தைப்பவரிடம் நைலோன் நூலைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்; பருத்தி நூல் உப்பில் இற்றுவிடும்.

ஈயத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். முழு அணியோடு கடலில் செங்குத்தாக நின்று, மிதப்புக்காகத் தகட்டோடு பூட்டி ஊதும் காற்றுப்பையை வெறுமையாக்கி, நெஞ்சில் பாதி மூச்சை நிறுத்தினால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். அப்படி நின்றால் ஈயம் அளவாக இருக்கிறது.

பெப்ரவரி 19

நேற்று எழுதியதில் உறை பற்றிய பகுதியை மீளப் பெறுகிறேன். தூக்கம் வராமல் படுத்திருந்தபோது, எனக்கே ஒரு காலத்தில் அப்படி ஓர் உறை இருந்ததும், அதை ஏன் கழற்றி எறிந்தேன் என்பதும் நினைவுக்கு வந்தன. உறை மிதக்கும் என்பது அதற்குக் காரணமல்ல, இரண்டு உறைகளும் சேர்ந்து கால் கிலோ மிதப்புக்கூடத் தராது. இவ்வகை ஹார்னஸின் சிறப்பே, ஒரே நீளமான வார் தகட்டின் துளைகளுக்குள் ஊடாகச் சென்று, உடம்பு அசையும்போது தானும் சற்று வழுகி இடம் பார்த்து அமர்வதுதான். உறை போட்டால் அந்த வழுக்கல் நின்றுவிடுகிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் இடது தோளில் மட்டும் உறை சுருண்டு, முன்னரிலும் மோசமாக அழுத்தியது.

அதைவிடப் பெரிய தவறு, கேட்க வேண்டியதைக் கேளாமல் மருந்து சொன்னது. தம்பி, வலி எப்போது வருகிறது? வள்ளத்தில் இருக்கும்போதா, நீருக்குள்ளா?

பெப்ரவரி 19, மாலை

விடை வந்துவிட்டது. தோள் வலி வள்ளத்திலும், கரையிலிருந்து கல்லின் மேல் நடந்துபோகும்போதும் வருகிறது. முதுகு வலியோ நீருக்குள் இருபது நிமிடத்துக்குப் பிறகு வருகிறது. அப்படியானால் இவை ஒரு வலியின் இரண்டு முகங்கள் அல்ல, இரண்டு தனி வலிகள். நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன்.

பெப்ரவரி 25

முதலில் தோள். கரையில் உங்கள் முதுகில் தொங்குவதைக் கூட்டிப் பாருங்கள்: வெறுஞ் சிலிண்டர் ஏறத்தாழ 14 கிலோ, அதற்குள் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல், தகடு 2.5 கிலோ, மூச்சுக்குக் காற்றுத் தரும் ரெகுலேற்றரும் காற்றுப்பையும் பிறவும் ஒரு மூன்று கிலோ. இவையே 22 கிலோ ஆகிவிட்டன. இடுப்புவாரில் கோத்த 8 கிலோ ஈயமும் தோளில்தான் தொங்குகிறது, ஏனெனில் இடுப்புவார் தனிப்பட்டி அல்ல, தோள்வாரின் தொடர்ச்சியே அது. முப்பது கிலோவை 5 சென்ரிமீற்றர் அகலமுள்ள இரண்டு நாடாக்களில் தொங்கவிட்டுக்கொண்டு சுண்ணக்கல் மேட்டில் நடப்பவனுக்குத் தோள் வலிக்காவிட்டால்தான் வியப்பு. (காற்றுக்கும் எடை உண்டு என்று சொன்னால் சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு லீற்றர் 1.2 கிராம், 11 லீற்றரை 200 மடங்கு நெருக்கிப் பாருங்கள். இன்னொன்று: அளவுமானியில் நான் சொல்லும் பார் வேறு, மயிலிட்டிக் கடலில் மீன்பிடிப்பவர்கள் கடலடிப் பாறைத்திட்டைச் சொல்லும் பார் வேறு. முன்னது தீர்ந்துபோகும், பின்னது கிடைப்பது அரிது.)

நீருக்குள் இந்தக் கணக்கு அடியோடு மாறுகிறது. மிதப்பும் எடையும் ஈடுகட்டப்பட்டபின் தோளில் தொங்குவதற்கு ஒன்றுமே இல்லை. அங்கே தோள்வார் சுமை தாங்கியல்ல, தகட்டை முதுகோடு பிடித்துவைக்கும் கயிறு மட்டுமே. ஆகவே தோளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காற்றுப்பையை ஊதி, அணியை முதலில் நீரில் மிதக்கவிட்டு, நீங்கள் பின்னர் இறங்கி அணிந்துகொள்ளுங்கள். வள்ளக்காரர் சலித்துக்கொள்வார். மூன்றாம் முறை பழகிவிடுவார்.

இனி முதுகு. நீங்கள் பழைய சட்டையில் பயன்படுத்திய அதே 8 கிலோவைத் தகட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறீர்கள். சட்டையின் மெத்தையும் மடிப்புகளும் தாமே ஒரு கிலோவளவு மிதக்கும், அவை இப்போது இல்லை. தகடோ நீருக்குள் 2.2 கிலோ அமிழ்வு தருகிறது, எஃகு தன் எடையில் எட்டில் ஒரு பங்கைத்தான் நீரிடம் இழக்கும். இந்த இரண்டு காரணங்களாலேயே மூன்று கிலோவுக்கு மேல் மிகை. முன்பு சட்டையோடும் உங்களுக்கு 8 கிலோ தேவைப்பட்டிருக்காது என்பது என் ஊகம். மிகை ஈயம் எவ்வளவோ அவ்வளவு லீற்றர் காற்றை நீங்கள் பைக்குள் ஊதவேண்டும். காற்று தோள்பட்டைப் பக்கம் ஏறி நிற்கிறது, ஈயம் இடுப்பில் நின்று கீழே இழுக்கிறது. மேலே ஒரு கை தூக்க, கீழே ஒரு கை இழுக்க, நடுவில் முதுகெலும்பு வில்லாகிறது. கால்கள் தாழ்ந்துவிடுவதால், உடம்பைக் கிடையாக வைத்திருப்பதற்காக நீச்சல் முழுவதும் காலை உதைத்துக்கொண்டே இருப்பீர்கள். அந்த வலிக்குப் பஞ்சு எங்கே வைப்பது?

மார்ச் 3

தம்பியின் செய்தியை வாசித்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன். கடல் கலங்கியிருந்ததால், மாமாவின் தோட்டக் கிணற்றில் முழு அணியோடும் முழுச் சிலிண்டரோடும் இறங்கிச் சோதித்தாராம். ஈயம் ஒரு துண்டுகூட இல்லாமலே கல்லைப் போல அமிழ்ந்தாராம். மீன் நிறுக்கும் தொங்குதராசைக் கயிற்றில் கட்டி, பாதி மூச்சோடு அதில் தொங்கிப் பார்த்தபோது தராசு 2.5 கிலோ காட்டியதாம். "அப்படியானால் ஈயமே வேண்டாமா?" என்று கேட்கிறார். கிணற்றடியில் நின்ற அம்மா என்ன சொன்னார் என்பதை அவர் எழுதவில்லை.

தராசைக் கொண்டுபோனது நல்ல புத்தி. இந்த இழையில் இதுவரை நான் எழுதியவை எல்லாம் ஊகம், அவர் கொண்டுவந்ததே முதல் அளவு. ஆனால் நன்னீர் வேறு, கடல்நீர் வேறு. கடல்நீர் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. ஈயமில்லாமல் நீங்களும் அணியும் சேர்ந்து 92 கிலோ என்றால், கடலில் 2.3 கிலோ மிதப்பு கூடுதலாகக் கிடைக்கும். (கரையோரக் கிணறுகள் கோடையில் உவர்ப்பதால் உங்கள் கிணற்று நீர் கலப்பற்ற நன்னீர் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஆயினும் அது தரும் வேறுபாடு இங்கே சிறியது.) ஆகவே கிணற்றில் 2.5 கிலோ அமிழ்ந்தவர் கடலில் ஏறத்தாழ அமிழாமலும் மிதக்காமலும் நிற்பார். ஈயம் வேண்டாம் என்பதே விடை போலத் தோன்றுகிறது.

மார்ச் 4

விடை அதுவல்ல. பிழை என்னுடையது, அதுவும் ஆபத்தான பிழை.

பெப்ரவரி 18 அன்று கண்ணளவுச் சோதனையை எழுதியபோது, சிலிண்டர் ஏறத்தாழ வெறுமையாக, 50 பார் அளவில் இருக்கும்போது அதைச் செய்யவேண்டும் என்பதை நான் எழுதவில்லை. முழுச் சிலிண்டரோடு பார்த்தால், மூச்சில் செலவாகப்போகும் 150 பார் காற்றின் எடையான இரண்டு கிலோவைச் சோதனையின் முடிவோடு கூட்டவேண்டும். அலுமினியச் சிலிண்டர் தொடக்கத்தில் சற்று அமிழும், முடிவில் மிதக்கும். அதன் அடிப்பகுதி மேலே எழுந்து உங்கள் பிட்டத்தையும் தூக்கும்.

இதை எழுதாமல் விட்டதற்கு எனக்கு மன்னிப்பே இல்லை, ஏனெனில் இதே பாடத்தை நான் உடம்பால் படித்தவன். திருகோணமலையில் பழகிய காலத்தில், ஈயத்தைக் குறைத்துக் காட்டவேண்டும் என்ற வீம்பில், ஒரு கிலோவோடு இறங்கினேன். நாற்பது நிமிடம் எல்லாம் அழகாகப் போயிற்று. ஏறும் வழியில், உடம்பில் கரைந்த நைட்ரசன் வெளியேறுவதற்காக ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்க முடியவில்லை. காற்றுப்பை முழுக்க வெறுமை, நெஞ்சும் வெறுமை, ஆனாலும் நான் மேலே போய்க்கொண்டிருந்தேன். எடைக்குக் கல் ஒன்று பொறுக்கக்கூடக் கடலடி எட்டவில்லை. என்னோடு வந்தவர் கால்களுக்கிடையே போகும் என் கவட்டுவாரைப் பிடித்துக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு, மூன்று நிமிடமும் என்னைக் கொடிக்கம்பம் போல நிறுத்தினார். மேலே வந்தபின் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதுதான் உறைத்தது.

ஆகவே தம்பிக்கான கணக்கு: கடல் என்பதற்காக 2.3, காற்று தீரும் என்பதற்காக 2, இரண்டையும் கூட்டுங்கள்; அதிலிருந்து கிணற்றில் மிகையாக இருந்த 2.5ஐக் கழியுங்கள். வருவது 1.8. இரண்டு கிலோ ஈயம் கட்டுங்கள். எட்டு அல்ல, பூச்சியமும் அல்ல.

எட்டுக்கும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வேறு வழியாகவும் பார்க்கலாம். பத்து மீற்றரில் மிகை ஈயத்துக்காக மட்டும் பைக்குள் ஆறு லீற்றர் காற்று வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அங்கே அழுத்தம் 2 பார். ஐந்து மீற்றருக்கு ஏறினால் 1.5 பார், அந்த ஆறு லீற்றர் எட்டாகிவிடும். ஒரு சிறு பாறையைத் தாண்ட மேலெழுந்த மாத்திரத்திலேயே இரண்டு கிலோ இழுவை மேல்நோக்கிக் கூடிவிடுகிறது. பாக்கு நீரிணை போன்ற ஆழமற்ற கடலில் இந்தத் தொல்லை குறையும் என்று நினைப்பது தவறு. மேற்பரப்பை அண்டிய முதல் பத்து மீற்றரிலேயே காற்றின் கன அளவு இரட்டிக்கிறது. ஆழக்கடலில் அதே பத்து மீற்றர் இவ்வளவு செய்யாது.

மார்ச் 10

வாரின் நீளம் பற்றிக் கேட்டிருக்கிறார். எனக்குப் பொருந்தியதைச் சொல்கிறேன்.

தகட்டின் மேல்விளிம்பு கழுத்தடியில் துருத்தும் எலும்புக்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டும். கையைத் தோளுக்கு மேலாகப் பின்னே கொண்டுபோனால் விரல்கள் தகட்டைத் தொடவேண்டும். தொட முடியாவிட்டால் சிலிண்டரின் வால்வையும் எட்ட முடியாது. நெஞ்சுக்கும் தோள்வாருக்கும் இடையில் கையை மடித்து முட்டியாக நுழைக்கும் அளவு தளர்வு வைக்கிறேன். பலர் இதைக் கேட்டுத் திடுக்கிடுவர். புத்தகப்பை போல இறுக்கினால், வார் அக்குளை அறுத்து, கையைப் பின்னே கொண்டுபோகவும் விடாது. இறுக்கம் இருக்கவேண்டிய இடம் இடுப்புவாரும் கவட்டுவாரும்.

நெஞ்சில் சாமான் கொளுவும் டி வளையங்கள் இரண்டையும் அக்குளின் உயரத்துக்கு அருகில் வைத்திருக்கிறேன். உயர்த்தி வைத்தால் விளக்கின் கொக்கி தாடையில் இடிக்கிறது, தாழ்த்தினால் வயிற்றுக்குக் கீழே தொங்கிப் பாரை உரசுகிறது. இடுப்புவாரின் இடதுபக்க வளையம் இடுப்பெலும்பின் மேலேயே இருக்கட்டும். இடுப்புப் பூட்டு நடுவயிற்றில் வேண்டாம், வலப்பக்கம் சற்றுத் தள்ளி இருக்கட்டும். நடுவில் கவட்டுவாரின் கண்ணி வருவதால், இரண்டும் ஒன்றையொன்று நெருக்கினால் பூட்டு திறந்துகொள்ளும்.

என் மருமகளுக்கு இந்த அளவுகளில் பாதி பொருந்தவில்லை. உடல் குட்டையானவர் என்பதால், தகட்டின் கீழ்விளிம்பு அவர் முதுகின் அடியெலும்பில் இடித்தது. வாரை எவ்வளவு திருத்தியும் பயனில்லை; குட்டைத் தகடு ஒன்று கிடைத்த அன்றே எல்லாம் சரியாயிற்று. வாரால் தீராத பிழைகளும் உண்டு.

ஒன்று மட்டும்: வாரை வெட்டாதீர்கள். மூன்றரை மீற்றருக்கு மேல் நீளமிருக்கும், நுனிகள் தொங்கி எரிச்சலூட்டும். சைக்கிள் ரியூப்பை வளையங்களாக வெட்டி அந்த நுனிகளைச் செருகிவையுங்கள். நைலோன் நீரில் ஊறினால் சற்றே நீளும், பத்து முறை இறங்கிய பின் வரும் அளவே உண்மையான அளவு.

மார்ச் 11

கவட்டுவார் அவசியமா என்ற கேள்விக்கு என் பெரியப்பாவின் விடையே போதும். இளமையில் சங்கு குளித்தவர், சிலிண்டரைத் தொட்டவரல்லர். தகடும் வாரும் அவிழ்ந்து கிடந்த என் முற்றத்தில் அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, கவட்டுவாரை மட்டும் கையில் எடுத்து, "இது கோவணமெல்லே! கோவணம் கட்டாமல் ஆர் கடலிலை இறங்கினது?" என்றார்.

அது இல்லாவிட்டால் காற்றுப்பை தகட்டையும் சேர்த்துத் தலைக்கு ஏற்றிவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் தோள்வாரைக் கீழே இழுக்கும். தம்பி, உங்கள் தோள் வலியில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். நிமிர்ந்து நின்று குனிந்து பாருங்கள், இழுத்தால் இரண்டு விரற்கடை தளர்த்துங்கள்.

மார்ச் 17

பெரியப்பாவோடு பேசியதில் இன்னொன்றும் தெளிவாயிற்று. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர், கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி இறங்குவர், அடியை அடைந்ததும் கல்லை விட்டுவிடுவர், மேலே நிற்பவர் அதை இழுத்துக்கொள்வார். இறங்குவதற்கு மட்டுமே எடை. ஏறுவதற்கு எடையே இல்லை. நாமோ ஈயத்தை ஹார்னஸின் இடுப்புவாரில் கோத்து, அதன் மேல் கவட்டுவாரையும் பூட்டிவிட்டு இறங்குகிறோம். காற்றுப்பை கிழிந்தால் எதைக் கழற்றுவது?

ஈயத்தை இடுப்புவாரிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்கே வைப்பது என்பதில்தான் மனம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சிலிண்டரின் மேற்பட்டியில் கோத்தால் நுரையீரலுக்கு அருகில் எடை வந்து, உடம்பு பாய் விரித்தாற்போலக் கிடையாக நிற்கும். ஆனால் அவசரத்தில் கைக்கு எட்டாது. தனி ஈயப்பட்டியில் கட்டினால் ஒரே இழுப்பில் விழும், ஆனால் கால் சற்றுத் தாழும். பை கிழிந்தால், தொடக்கத்தில் காற்றின் எடையும், ஆழத்தில் நீருடை நசுங்கி இழக்கும் மிதப்பும் சேர்ந்து உங்களை மூன்று கிலோவளவு கீழே இழுக்கும். அதைக் காலால் உதைத்தே வெல்லலாம், எனினும் இரண்டு கிலோவைக் கழற்ற முடிந்தால் அமைதியாக வெல்லலாம். நான் ஒரு கிலோவை மேற்பட்டியிலும் ஒரு கிலோவைக் கழற்றக்கூடிய பையிலும் வைத்திருக்கிறேன். இது தீர்ப்பல்ல, சமரசம். கவட்டுவாருக்கு மேலாக ஈயப்பட்டியைக் கட்டவேண்டும் என்பது மட்டும் சமரசமில்லாத விதி.

மார்ச் 24

இரும்புச் சாமான் பற்றி, சுருக்கமாக. பழைய காரின் இருக்கைப் பட்டியை வாராகப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் செய்து பார்த்தவன். பட்டி அறாது, ஆனால் மிகவும் மென்மையானது, வழவழப்பானது. பூட்டிலிருந்து மெல்ல மெல்ல வழுகி, அரை மணி நேரத்தில் இடுப்புவார் பாவாடை நாடா போலத் தளர்ந்தது. விறைப்பான வாரே வேண்டும்.

டி வளையத்தை இரும்புக்கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்கவேண்டாம். நான் வாங்கியது முலாம் பூசியது. ஒரு மாரி முடிவதற்குள் பூச்சு உரிந்து, உள்ளிருந்த துரு வாரின் இழையை வாளைப் போல அராவியிருந்தது. காந்தம் இறுக்கமாக ஒட்டினால் அதைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். ஒட்டாவிட்டாலும் முழுமையாக நம்பிவிடாதீர்கள், 304 எஃகையும் 316 எஃகையும் காந்தம் பிரித்துக் காட்டாது. மொலிப்டினம் கலந்த 316தான் கடலுப்புக்குக் கூடுதலாக ஈடுகொடுக்கும்.

மார்ச் 31

இதை முதல் நாளே எழுதியிருக்கவேண்டும். "தோள் வலி" என்ற சொல்லைக் கண்டதும் நான் வாரைப் பற்றியே ஒரு மாதத்துக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நீரிலிருந்து ஏறியபின் தொடங்கி, வாரைக் கழற்றியும் ஆறாமல், மூட்டுக்குள்ளே ஆழமாகக் குடையும் வலி, வார் தந்த வலி அல்ல. உடம்பில் கரைந்த நைட்ரசன் குமிழாக வெளிவரும் நோயில் அடிக்கடி பிடிபடும் மூட்டுகளில் தோளும் ஒன்று. சங்குக்கும் கடலட்டைக்கும் ஒரே நாளில் சிலிண்டர் மாற்றி மாற்றி இறங்குவோரிடையே, அதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவிக்கொள்பவர்களை நான் கண்டிருக்கிறேன். வாரின் வலி தொட்ட இடத்தில், தோலில், தழும்போடு இருக்கும். தழும்பில்லாத வலிக்கும், கை மரத்துப்போவதற்கும் தூய ஒட்சிசனும் மருத்துவமனையும்தான் வழி. ஹார்னஸை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.

தம்பி உடனே பதில் எழுதிவிட்டார்: அவருடையது தழும்புள்ள வலிதான். நல்லது.

ஏப்ரல் 21

வருடப்பிறப்புக்குப் பின் கடல் தெளிந்து கிடந்தது. தம்பியும் நானும் காங்கேசன்துறைக்கு அப்பால் ஒன்பது மீற்றரில் ஐம்பது நிமிடம் இருந்தோம். இரண்டு கிலோ ஈயம். அணியை நீரில் வைத்தே அணிந்தார். வள்ளக்காரர் சலித்துக்கொண்டார். ஐந்து மீற்றரில் 50 பாரோடு மூன்று நிமிடம் அசையாமல் நின்றார், பையில் காற்று ஏறத்தாழ இல்லை. முதுகு வலிக்கவில்லையாம். இடது தோள்வார் மட்டும் இன்னும் சற்று நெருடுகிறது என்கிறார். பார்த்ததில், தகட்டில் வார் நுழையும் துளையின் விளிம்பு அராவப்படாமல் கூராக இருந்தது. அரத்தால் இரண்டு நிமிட வேலை. இவ்வளவு எழுதிய எனக்கு அந்த விளிம்பைத் தடவிப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை.

வாரின் நுனியில் 12 சென்ரிமீற்றர் மிஞ்சி நிற்கிறது. வெட்டலாமா என்று கேட்டார். இது ஐந்தாவது முறைதான் இறங்குகிறார் என்று நினைவூட்டி, சைக்கிள் ரியூப்புக்குள் செருகிவிட்டேன்.